நடுப்பகல் சந்திர கிரகணம்

அம்மாவின் குரல் போனில் வந்து விழுந்தபோது முட்டைக்கோசு ரெண்டாகப் பிளந்து பலகைமேல் கிடந்தது, கத்தி கோகிலவாணியின் கையில் இருந்தது. "பிடிச்சுப்போட்டுது கண்ணு. வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன், ஓரத்துல கருப்புத் தட்டியிருக்குது. படுத்துட்டயில்ல? ஒண்ணையும் நறுக்காத. சொறியாத. கையக் கால மடக்காம நீட்டிப் படு. தண்ணியும் குடிக்காத, கேட்டுதா? விட்டதும் நானே கூப்புடறேன்." அத்தோடு பதிவு முடிந்து போன் இருட்டானது. எதைப் பிடித்தது, எங்கே பிடித்தது என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. ஸ்காபரோவின் அந்த அடித்தள வீட்டுக்கு இருந்த ஒரே சன்னலில், புல்லுக்குச் சமமாக, வெயில் பட்டையாக இறங்கி அடுப்பு மேடையில் கிடந்தது. வெளியே யாரோ புல் வெட்டும் மெசினை இழுத்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், இதில் எங்கே நிலா, எங்கே கிரகணம். பிறகு விளங்கியது, விளங்கியதும் கத்தி தானாகக் கழுவுதொட்டிக்குள் விழுந்தது. அம்மா நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த மணி ராத்திரி மணிதான். அதை இவள் இங்கத்து ராத்திரி என்று வைத்துக்கொண்டாள். புதுவருசம் ஒவ்வொரு ஊருக்கும் ராத்திரி பன்னெண்டுக்கு வருகிற மாதிரி, கிரகணமும் ஒவ்வொரு ஊருக்கும் அதே மணிக்கு வந்து பிடித்துவிட்டுப் போகும் என்று நினைத்துவிட்டாள். அதனால்தான் இப்போதே சமைத்து, புருசனின் அக்கா நங்கையா வேலை முடிந்து வந்ததும் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, பொழுதோடு நீட்டிப் படுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு முட்டைக்கோசை எடுத்தாள். ஊரில் ராத்திரி என்றால் இங்கே பகல் என்பது தெரியாதவளா? மகள் மிதுளாவைத் தூங்கப்போட அம்மா படுகிற பாட்டை இங்கே மதியச் சோற்றை வடித்துக்கொண்டேதானே தினமும் போனில் பார்க்கிறாள். தெரிந்தும் இப்படி ஆனது. சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் பலகைமேல் கிடந்ததைப் பார்த்தாள், நட்ட நடுவில் பிளந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக, உதடு மாதிரி, சிரிப்பு நின்றுவிட்டது.

படுத்தாள். சுவரோரம் போட்ட மெத்தையில், நைட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, சவம் மாதிரி, சீ, அந்த வார்த்தை எதற்கு இப்போது, குச்சி மாதிரி நீட்டி. எட்டாம் மாசத்து வயிறு முன்னால் குன்று போல நின்று சன்னலில் பாதியை மறைத்தது. சன்னலுக்கு ஒரு துண்டைப் போட்டிருக்கலாம், ஆனால் மறைக்க அங்கே நிலா இல்லை, சூரியன்தான் இருந்தது, சூரியனைப் பிடித்திருந்தால்தான் மறைக்க வேண்டும். இங்கே இல்லாத நிலாவை எது பிடித்தால் இவளுக்கென்ன. அப்படியானால் எழுந்துவிடலாமே. எழுந்தால், அம்மா வாசலில் நின்று பார்த்த அந்தக் கருப்பு பொய்யா, நிலா என்ன ஊருக்கு ஒன்றா இருக்கிறது, ஒரே நிலாதானே, பூமிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருக்கிறது, இவளுடைய முதுகுக்குக் கீழே, மெத்தைக்குக் கீழே, சிமென்டுக்குக் கீழே, எல்லா மண்ணையும் தாண்டிக் கீழே, அங்கேயிருந்து கருப்பு ஏறி வருமென்றால் முதலில் படுகிறது முதுகா வயிறா. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் எலுமிச்சம்பழத்தையும் டார்ச் லைட்டையும் வைத்து எல்லாம் காட்டினாள், நிழல்தாம்மா, வெறும் நிழல் என்றாள். அதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் மார்க் வாங்கிய அன்றைக்கு வயிற்றில் பிள்ளை இல்லை. கிழக்குத் தோட்டத்துச் சரசு கிரகணத்தன்றைக்குத் தெரியாமல் சோளத்தட்டு அறுத்தாள் என்றும், அதனால்தான் அவள் மகனுக்கு மேலுதடு பிளந்தது என்றும் ஊரே சொன்னது. டாக்டர் அதெல்லாம் இல்லை என்று சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரியில் தைத்து, அவன் இப்போது பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான், நல்ல வாயாடி, கல்யாணத்துக்குக்கூடப் பெண் பார்க்கிறார்கள். அப்புறம் என்ன. அப்புறம் ஒன்றுமில்லை. சரசு மட்டும் இன்றைக்கும் அருவாளைத் தொட்டால் ஒரு நிமிசம் நின்றுவிட்டுத்தான் அறுக்கிறாள். பாவி, கோசுதானடா கண்ணு, தெரியாமல் நறுக்கிவிட்டேன், அம்மாவை மன்னிச்சுக்க, என்று வாய்விட்டே வயிற்றிடம் சொன்னாள். இந்த இரண்டு மாசமாகப் பகலெல்லாம் பேசுவதற்கு அவளுக்கு அங்கே வேறு ஆள் கிடையாது.

எந்த நாட்டுக் கிரகணம் இந்தப் பிள்ளைக்குச் சேரும் என்பதுதான் கேள்வி. அதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. மற்றதெல்லாம் யோசித்தாயிற்று. நங்கையா, பூபதியின் அக்கா சாரதாமணி, போன தைப்பொங்கலன்றைக்குப் போனில் ஆரம்பித்தது. இங்க பொறந்தா இந்த நாட்டுப் பிள்ளை, பூபதி, யோசிச்சுப் பாரு, விசிட்டர் விசாவுல வந்து எங்கூட இருக்கட்டும், பெத்துக்கிட்டு எடுத்துக்கிட்டு வரட்டும், நாளைக்கு உம் மகன் உங்களைக் கூப்பிட்டுக்குவான். பூபதிக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போனால் சத்தீஸ்கர், ஒடிசா என்று மாசக்கணக்கில் கல்லைக் குடைந்துவிட்டு, தலைமுடி, புருவம், காதுக்குள் எல்லாம் வெள்ளை மண்ணோடு வருகிற மனுசன். எம் புள்ளை மூக்குல இந்தத் தூசி போகக் கூடாது கோகி, என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. போவதற்கென்ன, போனால் போகிறது, மிதுளாவை அம்மா பார்த்துக்கொள்வாள், நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தால் மறந்துவிடும் என்று சிரித்துக்கொண்டேதான் பெட்டி கட்டினாள். விமானத்தில்கூடப் பயமில்லை. இங்கே இறங்கி, பாஸ்போர்ட் பார்க்கிற ஆபீசர் முன்னால் நின்றபோதுதான் வந்தது. நங்கையா பத்துத்தரம் சொல்லச் சொல்லிக் கேட்ட வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தாள், ஐ கேம் டு விசிட் மை சிஸ்டர் இன் லா, அது பொய்யும் இல்லை. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. என்ஜாய் என்றார். இவள் கைப்பையை வயிற்றுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு மாசம், பெரிதாகத் தெரியாது, இருந்தாலும் பிடித்துக்கொண்டாள். எந்த நாட்டுப் பிள்ளையாக வேண்டும் என்று இத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்தாளோ அந்த நாட்டு வாசற்படியிலேயே அதை ஒரு பைக்குப் பின்னால் ஒளித்தாள். அதற்குப் பிறகு ஒளிப்பதே வேலையாகிவிட்டது. சாயங்காலம் நங்கையாவோடு நடக்கப் போனால் கோட்டு மாதிரி ஒரு பெரிய சட்டை. தமிழ்க் கடையில் யாராவது சிரித்தால் சிரிப்பதோடு சரி. மேல்வீட்டு ஓனரம்மாவைப் பார்த்தால் வணக்கத்தோடு சரி. "யாரு என்னன்னு எழுதிப் போடுவாங்களோ தெரியாது கோகிலா. விசிட்டர் விசாவுல வந்து புள்ள பெக்கறாங்கன்னு டிவியிலயே பேசறாங்க. மெதுவா இருந்துட்டு, வேலைய முடிச்சுக்கிட்டு, மெதுவாப் போயிரலாம்." நங்கையா கெட்டவள் இல்லை. குடோனில் ராவும் பகலும் பெட்டி தூக்கிவிட்டு வந்து இவளுக்குக் கால் அமுக்கிவிடுகிறவள். பயந்தவள், அவ்வளவுதான். பயந்தவர்களோடு ஒரே வீட்டில் இருந்தால் அது சளி மாதிரி, நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

இடது விலாவுக்குக் கீழே அரித்தது. சொறியக் கூடாது. சொறிந்தால் பிள்ளைக்கு அந்த இடத்தில் மச்சமோ தழும்போ விழும். விழுந்தால் விழட்டும், மறைவான இடம்தானே, ஆம்பளைப் பிள்ளையாக இருந்தால் கவலையே இல்லை, என்று தனக்குத்தானே கேலி பேசிப் பார்த்தாள். அரிப்பு நகர்ந்தது. வழக்கமாக அந்த இடத்தில்தான் பாதம் வந்து முட்டும். இவள் விரலால் ஒரு தட்டு தட்டுவாள், அது ஒரு உதை விடும், இவள் தட்டுவாள், அது விடும், நங்கையா இல்லாத பகலில் இருவருக்கும் அதுதான் விளையாட்டு. இன்றைக்கு விளையாடவில்லையே. காலையில் துணி மடித்தாள், மிதுளாவோடு போனில் பேசினாள், சோறு வைத்தாள். விளையாடவில்லை. அது அழைக்கவில்லை, இவளும் தட்டவில்லை. கடைசியாக எப்போது. நங்கையா சட்னிக்கு மிக்சி போட்டபோது திடுக்கென்று துள்ளியது, ஏனுங் நங்கையா, உங்க மருமகன் மிக்சிச் சத்தத்துக்கே பயப்படறான், எங்கூட்டுப் போர் வண்டிய எப்படித் தாங்குவான் என்று சிரித்தார்கள். அது நேற்றா. நேற்று இட்லிக்குப் பொடிதான். அப்படியென்றால் முந்தாநாள். இல்லை, நேற்று ராத்திரி திரும்பிப் படுத்தபோது ஏதோ உருண்டது. உருண்டது பிள்ளையா, இவளேவா. விடியற்காலையில் ஒன்றுக்குப் போக எழுந்தபோது அடிவயிற்றில் ஒரு இழுப்பு, அது அதுவா, வெறும் பசியா. நினைக்க நினைக்க ஒவ்வொன்றும் கைக்குள் வந்து வந்து நழுவியது. மிக்சி, முந்தாநாள். உருண்டது, நிச்சயமில்லை. இழுப்பு, பசி. மறுபடியும் மிக்சி. ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தபோது யார் கணக்கு வைத்தார்கள், மூச்சு விடுவதை யார் எண்ணுகிறார்கள். விரலால் தட்டினாள். காத்திருந்தாள். புல் வெட்டும் மெசின் தூரத்தில் நின்றுவிட்டது. மறுபடி தட்டினாள். சாமி, அம்மா பாரு, இங்க பாரு. ஒரு வேளை அதுவும் கிரகணத்துக்குப் படுத்திருக்கிறதோ, அம்மாச்சி சொன்னதைக் கேட்டுக் கையைக் காலை மடக்காமல், அப்படியானால் நல்ல பிள்ளைதான், இந்தப் பிள்ளைக்காவது சொன்ன பேச்சு கேட்கிற புத்தி இருக்கிறது. சிரிக்க முயன்றாள். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பூபதி ஒருதரம் சொன்னான், அடியில என்ன இருக்குதுன்னு மேல நிக்கறவனுக்குத் தெரியாது கோகி, கெணறு போடற காட்டுக்காரன் குழியவே பார்த்துக்கிட்டு நிப்பான், நான் குழியப் பார்க்க மாட்டேன், பைப்பு மேல கைய வெப்பேன், தண்ணி வர்றதுக்கு முன்ன அதிர்வு மாறும். உள்ளங்கையை விரித்து வயிற்றில் வைத்தாள். இவளுடைய இதயம்தான் கையில் அடித்தது. அது இவளுடையது என்று தெரிந்தது, தெரிந்தும் கொஞ்ச நேரம் அதையே பிள்ளை என்று வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஒளித்து வைத்தது ஒளிந்தே போய்விடுமா. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நங்கையாவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது, வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டுமாம், பொழுது சாய்கிறவரை வராது. நங்கையாவின் வீட்டுக்காரர் லாரியில் எங்கேயோ மலைக்கு அந்தப்பக்கம். பூபதிக்குப் போட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் இந்தியில் நிதானமாகச் சொன்னாள். அம்மாவுக்குப் போடுவதா வேண்டாமா என்று நினைத்து முடிப்பதற்குள் போட்டுவிட்டாள்.

"என்ன கண்ணு, எந்திரிச்சுட்டயா? இன்னும் விடலியே."

"எந்திரிக்கலைம்மா. படுத்துக்கிட்டுத்தான் பேசறேன். மிதுளா தூங்கிட்டாளா?"

"அவளா. அந்தக் கழுதை நிலாவப் பார்த்தே தீருவேன்னு அழுது, பார்த்துட்டு, இதென்ன அம்மாச்சி, தோசை கருகிப்போச்சுன்னு சொல்லிட்டு இப்பத்தான் தூங்குச்சு. நீ ஏன் ஒரு மாதிரி பேசற?"

"ஒண்ணுமில்லைம்மா. தாகமா இருக்குது."

"பொறுத்துக்க சாமி. உன்னச் சுமந்தப்ப நானும் இப்படித்தான் படுத்துக் கெடந்தேன். நாக்கு வறண்டு போச்சு. உங்கப்பன் தெரியாம மோர் கொண்டாந்து நீட்டுனாரு, ஏசிப்போட்டேன்."

"அம்மா, நான் வயித்துல இருக்கறப்ப அசையாம இருந்திருக்கனா? ஒரு நாள் பூராவும்?"

போனில் ஒரு நாய் குரைத்தது. அம்மா பதில் சொல்வதற்குள் குரைத்து முடித்து மறுபடியும் ஆரம்பித்தது. "நீ எங்க அசையாம இருந்த, குதியாட்டம்தான்," என்றாள் அம்மா. பிறகு குரல் இறங்கியது. "ஏங் கண்ணு, புள்ள அசையுதில்ல?"

"அசையுதும்மா," என்றாள் கோகிலவாணி. "இப்பக்கூட உதைக்கறான். வெச்சரட்டுமா, போன் சூடாகுது."

ஏன் அப்படிச் சொன்னாள். அங்கே ராத்திரி, அம்மா தனியாள், சொல்லி என்ன ஆகப்போகிறது, வாசலுக்கும் பூசை அறைக்கும் விடிய விடிய நடந்துகொண்டிருப்பாள். சரிதான். ஆனால் சொல்லி முடித்ததும் அந்தப் பொய் ரொம்பப் பழக்கமான பொய்யாக இருந்தது, பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்கிற அதே கை. கிளினிக்கில் இருக்கும் சுருட்டைமுடி நர்சின் ஞாபகம் வந்தது. போன தடவை போனபோது நங்கையா பணம் கட்டுகிற இடத்தில் நிற்க, அவள் இவளைத் தனியாக உட்காரவைத்து, இங்கிலீஷ் புரியாதவளுக்குப் புரிகிறாற்போல் கையாலேயே எல்லாம் சொன்னாள். வயிற்றைத் தொட்டு, இரு கையையும் அசைக்காமல் வைத்துக் காட்டினாள். ஒரு கிளாஸை எடுத்துக் குடிப்பது போல, கோல்ட், ஸ்வீட். தலையைக் கையில் சாய்த்து இடப்பக்கம் படுப்பது போல. பிறகு உதட்டைப் பிதுக்கி, இல்லையா, அப்படியும் இல்லையா, இரண்டு விரலை மேசைமேல் நடக்கவிட்டாள், வேகமாக. கம். எனி டைம். கம். இவளுக்கு அப்போது அந்த விரல்நடை சிரிப்பாக இருந்தது. இப்போது அந்த இரண்டு விரல்கள் கண்ணுக்குள் நடந்துகொண்டே இருந்தன. குளிர்ந்தது, இனிப்பானது. பிரிட்ஜில் மாம்பழ ஜூஸ் இருக்கிறது. குடிக்கக் கூடாது, இன்னும் விடவில்லை, அம்மா இப்போதுதான் சொன்னாள். ஜூஸ் எடுக்க எழுந்திருக்கவும் கூடாது. எழுந்து வெளியே போகவும் கூடாது. அதை அம்மா சொன்னாள் கிரகணத்துக்காக. நங்கையா சொன்னாள் விசாவுக்காக, பெரிய ஆஸ்பத்திரிக்கு வலி வந்தால் மட்டும்தான் போகணும், அதுக்கு முன்ன போயி முகத்தக் காட்டாத, கவுன்ட்டர்ல எல்லாம் கேப்பாங்க. இன்றைக்கு ஞாயிறு, கிளினிக் பூட்டு, பெரிய ஆஸ்பத்திரிதான் கதி. இத்தனை பேர் இத்தனை பிரியத்தோடு படு, எழுந்திருக்காதே, போகாதே, பேசாதே என்கிறார்கள், எல்லோருக்கும் இந்தப் பிள்ளை நல்லபடியாக வர வேண்டும், அதற்காக எல்லோரும் அதை அசையாமல் இரு என்கிறார்கள். அது கேட்டுக்கொண்டதோ.

எழுந்தாள். கையை ஊன்றி, ஒருக்களித்து, முட்டியை மடக்கித்தான் எழ முடிந்தது, மடக்காமல் எழுகிற வித்தை எந்தப் பிள்ளைத்தாச்சிக்கும் தெரியாது. பிரிட்ஜைத் திறந்து டப்பாவை அப்படியே வாயில் வைத்துக் குடித்தாள். பல் கூசியது, மோவாயில் வழிந்தது, நெஞ்சுக்குழியில் குளிர் இறங்குவது தெரிந்தது. அம்மாவின் நிலா அம்மாவுக்கு, என்று நினைத்தாள், கோபமாக இல்லை, நங்கையாவின் பயம் நங்கையாவுக்கு, எனக்கு இருக்கிறது இது ஒன்று. இடப்பக்கம் சாய்ந்து படுத்துக் காத்தாள். சன்னல் வெயில் மேடையிலிருந்து இறங்கித் தரையில் ஒரு சதுரமாகியிருந்தது. அந்தச் சதுரம் மெத்தையின் ஓரத்தைத் தொடுகிறவரை பார்க்கலாம். தொடுவதற்கு இன்னும் ஒரு சாண். வா சாமி. ஜூஸ் நல்லா இருந்துதா. உங்கப்பனுக்கு மாம்பழம்னா உயிரு. சதுரம் நகர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் நகர்ந்தது, இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கேட்டாள், குடல் ஒரு தரம் முனகியது, அது குடல்தான், அதைப் பிள்ளையென்று ஏமாற இனி அவளால் முடியாது. மிதுளாவாக இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு விலாவை உடைத்திருப்பாள். வெயில் மெத்தையைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், மெத்தை விரிப்பின் கோடுவரை. இல்லை. கோடுவரை போனால் அடுத்த கோடு வரும். ஆம்புலன்சுக்குப் போன் போடுவதா. போன வாரம் எதிர்வீட்டுக் கிழவருக்கு மயக்கம் என்று யாரோ கூப்பிட, ஆம்புலன்சோடு சிவப்பாகத் தீயணைப்பு வண்டியும் வந்து, பின்னாலேயே போலீசும் வந்து, தெருவே விளக்கு விளக்காகச் சுழன்றது. அப்படி வந்து நின்று பாஸ்போர்ட்டைக் கேட்டால், எந்த வாக்கியத்தை ஒப்பிப்பது, இதற்கு யாரும் வாக்கியம் சொல்லித் தரவில்லையே. ஏறச்சொல்லி அப்படியே விமானத்தில் வைத்து அனுப்பிவிட்டால். அனுப்பட்டும். உயிரோடு இருக்கிற பிள்ளையோடு அனுப்பினால் போதும். திருச்செங்கோட்டுத் தூசியைத் தின்றுகொண்டே வளரட்டும், வளர்ந்தால் போதும்.

நைட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்தி, வயிற்றை மூடிக்கொண்டு, பாஸ்போர்ட் இருந்த பையையும் எடுத்துக்கொண்டு படி ஏறினாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மேல்வீட்டு ஓனரம்மா தவமலர், யாழ்ப்பாணத்துக்காரி, கராஜ் வாசலில் பழைய படுக்கை விரிப்பை விரித்துச் செத்தல் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த மிளகாயை விட்டாள்.

"என்ன பிள்ளை, துடிப்பு இல்லையோ?"

கோகிலவாணி துண்டை இன்னும் இழுத்து மூடினாள். "உங்களுக்கு எப்படிங்க்கா..."

"சூட்டுக்காத்து வாற ஓட்டை இருக்கெல்லே, அதுக்குள்ளால எல்லாம் மேல கேக்கும். நீர் பிள்ளையோட கதைக்கிறது, மச்சாள் உமக்குப் புத்தி சொல்லுறது, எல்லாம். கோசு வெட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டனீர், நான் மேல நிண்டு சிரிச்சனான். பிறகு வா சாமி, வா சாமி எண்டீர். பிறகு சத்தமில்லை. இறங்கி வருவமோ விடுவமோ எண்டு நிண்டு கொண்டிருக்கிறன்."

இரண்டு மாசமாக மெதுவாகப் பேசி, மெதுவாக நடந்து, குழாயைக்கூட மெதுவாகத் திறந்து. எல்லாம் ஒரு ஓட்டை வழியாக மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெட்கப்பட நேரமில்லை. "அக்கா, நான் விசிட்டர் விசாவுல வந்தவங்க," என்றாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். "இங்க பிள்ளை பெத்துக்கறதுக்குத்தானுங்க வந்தேன். நங்கையா சொல்ல வேண்டாம்னாங்க. காலையிலிருந்து அசையலை. எனக்கு இங்கிலீஷ் வராது."

"அதுக்கென்ன இப்ப. நாங்கள் இஞ்ச வந்து சேர்ந்த கதையக் கேட்டால் நீர் மயங்கி விழுவீர். செருப்பைப் போடும். கார்த் திறப்பு எங்க வைச்சனான்... மிளகாயைத் தொட்ட கை, உம்மில பிடிக்க மாட்டன், நீரே ஏறும்."

காரில் மிளகாய் நெடி. இருவருக்கும் தும்மல் வந்தது. பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போடும், மேலே வேண்டாம், என்றாள் தவமலர். தெருமுனை திரும்புகையில் கோகிலவாணி போனை எடுத்து நங்கையாவுக்குப் பேசி அனுப்பினாள், நங்கையா, பிள்ளை அசையலை, மேல்வீட்டு அக்காவோட பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறனுங். அனுப்பிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரங்கள் போயின. ஒரு பள்ளிக்கூடம் போனது, ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத ஊஞ்சல்கள். கவுன்ட்டரில் என்ன சொல்வது. பேபி. நோ மூவிங். அது போதும், மற்றதை அவர்கள் கேட்கட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது, தெரியாது, தெரியாது, சக்கரம் அதையே சொல்லிக்கொண்டு உருண்டது. ரோட்டைத் தோண்டி மூடிய இடம் ஒன்றில் கார் இறங்கி ஏறியது. அப்போது பெல்ட்டுக்கு அடியில் ஏதோ இடித்தது. சின்னதாக. உள்ளேயிருந்தா, வெளியேயிருந்தா, ரோடா, பிள்ளையா. அவள் இருக்கையை இறுகப் பிடித்தாள்.

"என்ன, துடிச்சதோ?" தவமலர் காரின் வேகத்தைக் குறைத்தாள்.

"தெரியலைங்க்கா."

"துடிச்சதெண்டால் திருப்பட்டோ? மச்சாள் வாறதுக்கு முன்னம் வீட்டை போயிடலாம். உமக்குப் பயமெண்டால் சொல்லும், நான் ஒருத்தருக்கும் வாய் திறக்க மாட்டன்."

நங்கையா இன்னும் கேட்கவில்லை, அனுப்பியதை இப்போதே அழித்துவிட முடியும். திரும்பினால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கோசை எடுத்து வதக்கிவிடலாம். மறுபடியும் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம், அம்மா கூப்பிடும்போது அங்கேயே படுத்திருந்ததாகச் சொல்லலாம். இடித்தது பிள்ளைதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லோருக்கும் நிம்மதி. பிள்ளையாகவே இருக்கலாம். இருக்க வேண்டும். கையை வைத்தாள். அவளுடைய இதயம் கையில் அடித்தது.

"போங்க்கா," என்றாள். "எங் கைக்குத் தெரியலை. ஆஸ்பத்திரியில காதுல கேட்டுச் சொல்லட்டும்."

தவமலர் காரை விட்டாள். சிக்னலில் பக்கத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது, சன்னலோரம் இருந்த பெண் ஒருத்தி குனிந்து காருக்குள் பார்த்தாள். கோகிலவாணியின் கை தானாகத் துண்டின் நுனியை வயிற்றுக்கு மேலே இழுத்தது. பிறகு அதை உருவி எடுத்து, நாலாக மடித்து, பக்கத்தில் வைத்தாள். நைட்டியின் பூக்களுக்கு அடியில் வயிறு அத்தனை பெரிதாக, வெயிலில், யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்றது. அந்தப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.